சாத்தான் துப்புவதற்குள்

பெர்சி ஒரு கல்லறைக்குப் பின்னால் குனிந்து மூச்சை அடக்கிக்கொண்டான். தேவாலய வாசலில் மேபல் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு கையில் தொரட்டி, இன்னொரு கையில் வாளி.

"டேய் பெர்சி! தொப்பி தெரியுது. எழுந்து வந்துடு!"

போச்சு, மாட்டிக்கொண்டான்! கோடை முடிந்ததிலிருந்து தினமும் இதே கூத்துதான். வீடு வீடாகப் பால் போட்டு முடித்து, மத்தியானம் அவன் வாளியைத் தூக்கினால் போதும், பள்ளிக்கூடச் சமையலறையைப் பூட்டிவிட்டு மேபலும் பின்னாலேயே கிளம்பிவிடுவாள். அவன் ஆட்டுப் பட்டிக்குள் புகுந்து பார்த்தான், ஓடையில் இறங்கி நடந்து பார்த்தான், வைக்கோல் வண்டியில்கூட ஒளிந்து பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் காலி வாளியோடு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வீடு திரும்புவார்கள்.

இங்கிலாந்தின் அந்த டார்செட் கிராமத்தில், முள்வேலிகளில் தானாகப் படர்ந்து காய்க்கும் பிளாக்பெர்ரியைத் தான் பறிக்கும் இடத்தை யாரும் அடுத்தவருக்குக் காட்டமாட்டார்கள். என்ன சம்பளம் என்று கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்கள், எந்த வேலியில் பறித்தாய் என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பார்கள். பெர்சி கொண்டுவரும் பழமோ ஒவ்வொன்றும் கட்டைவிரல் தண்டி. "இந்த வருஷம் உன் இடத்தைக் கண்டுபிடிக்காம விட்டேன்னா என் பேரு மேபல் இல்ல" என்று ஊர் மதுக்கடையான பப்பில் எல்லார் முன்னாலும் அவள் சவால் விட்டிருந்தாள்.

நாளைக்கு மிக்கேல் திருநாள். சாத்தான் வந்து வேலிக்கு வேலி பழங்களின்மேல் துப்பிவிட்டுப் போகிற நாள். அதற்கப்புறம் அந்த ஊரில் ஒருத்தரும் பழத்தைத் தொடமாட்டார்கள்.

அதற்கப்புறம் மேபல் எதற்காகப் பின்னால் வரப்போகிறாள்? அதுதான் பெர்சியின் கவலை. ஒரே வகுப்பில் படித்தபோது வராத காதல், நாற்பது வயதில் வந்து தொலைத்திருந்தது. அவள் துரத்துவது தன்னையா, பழத்தையா? இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். இடத்தைக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தான். பழத்துக்காக வந்தவள் என்றால் வாளியை நிரப்பிக்கொண்டு போய்விடுவாள். மனசு உடைந்தாலும் விஷயம் தெளிந்துவிடும்.

"வா மேபல், என் இடத்தைக் காட்டறேன்."

துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தான். "என்னது, இப்பவேவா?" என்றாள் அவள்.

"இன்னிக்கு விட்டா அப்புறம் சாத்தானுக்குத்தான்."

மில்லைத் தாண்டி, மேய்ச்சல் நிலத்து வேலியைக் கடக்கும் மரப்படியில் ஏறிக் குதித்துப் போனார்கள். பெரணிச் செடி மூடிய பள்ளம் ஒன்று அங்கே உண்டு. மேபல் சொன்ன ஏதோ ஒரு கதைக்குச் சிரித்துக்கொண்டே வந்த பெர்சி அதைச் சுத்தமாக மறந்துபோய், தொபுக்கென்று முழங்கால்வரை சேற்றில் இறங்கினான். நிமிர்ந்து பார்த்தால், மேபல் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரே தாவில் அக்கரையில் நின்றிருந்தாள்.

"வருஷாவருஷம் வர்ற மகாராஜா விழுந்து கிடக்கறதைப் பாரு!"

"சிரிக்காதே, கையைக் குடு!"

"ஐயோ, அந்தச் சேத்துக் கையா? நான் மாட்டேன்ப்பா." தொரட்டியை அவன் சட்டைக் காலரில் மாட்டி இழுத்தாள். அவனும் வந்து சேர்ந்தான், ஒரு பொத்தானும் தெறித்துப் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் அந்த வேலி! கிளைகள் வளைந்து தரையைத் தொடுகிற அளவுக்குக் கறுத்த கொத்துகள். வெயிலில் பழுத்த வாசனை ஆளைத் தூக்கியது. குளவிகள்கூட போதையில் தள்ளாடிக்கொண்டிருந்தன. பெர்சி கீழ்க்கிளைக்குக் குனிந்ததும் மேபல் அவன் கையில் ஒரு தட்டு தட்டினாள்.

"இடுப்புக்குக் கீழே தொடாதே. அது நாய்ங்களோட கழிப்பறை."

"போன வருஷம் நான் உனக்குக் குடுத்தேனே ஜாம், அது எந்தக் கிளைன்னு நினைச்சே?"

"அடப்பாவி!" என்று அவள் துரத்த, அவன் வேலியைச் சுற்றி ஓடினான். அவள் பழத்தை எறிந்தாள், அவன் வாயால் பிடித்தான். வாளிக்குள் விழுந்ததைவிட வயிற்றுக்குள் விழுந்ததுதான் அதிகம். இரண்டு பேர் உதடும் ஊதா, கன்னமும் ஊதா, மேபல் மூக்கு நுனிகூட ஊதா. இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று பெர்சிக்கு நினைவேயில்லை. இந்த மத்தியானம் முடியாமலே இருந்துவிட்டால் என்ன என்று ஏங்கினான்.

முடிந்துவிட்டது. மேபலின் வாளி நிரம்பி வழிந்தது. கைக்குட்டையால் அதை மூடிக் கட்டினாள்.

"சரி பெர்சி, நான் கிளம்பறேன். போய் ஜாம் கிளறணும்."

அவ்வளவுதான். பழத்துக்காகத்தான் வந்திருக்கிறாள். இருக்கிற ஒரு ரகசியத்தையும் தூக்கிக் கொடுத்தாயிற்று, அவளும் போகிறாள். இதற்கா இந்த ஆட்டம் ஆடினோம் என்று பெர்சிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"போ போ. இனிமே நீ என் பின்னால அலைய வேண்டியதில்ல," என்றான் செடியைப் பார்த்துக்கொண்டே. "அதான் இடம் தெரிஞ்சுபோச்சே."

மேபல் நடையை நிறுத்தினாள். வாளியைப் புல்லில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவன் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இந்த இடம் எனக்குப் போன வருஷமே தெரியும்டா, மண்டு!"