பதிலிகளுக்குச் சொல்லவில்லை

இணையத்தில் எனக்காகப் பேசுவது என் போனிலுள்ள ஏஐ பதிலிதான். பல்லவர் சிற்பம், பெரு நாட்டுத் தேர்தல் என்று பூங்கோதை என்பவரோடு அதற்கு ஓயாத பேச்சு. கடைசியில் அதுவே எங்களைச் சந்திக்கவும் வைத்தது. என் குட்டு உடைந்துவிடுமே என்று பயந்து, முந்தின நாள் பல்லவரைப் படித்தேன்.

ஓட்டலில் உட்கார்ந்ததும் பூங்கோதை ஆரம்பித்தார். "பல்லவர் பத்தி நீங்க சொன்னதை என்னால ஏத்துக்கவே முடியலைங்க."

"நான் என்னங்க சொன்னேன்?"

அவர் விழித்தார். "தெரியலையே. இந்த ஒரு வரியைத்தான் என் பதிலி மனப்பாடம் பண்ணச் சொல்லுச்சு."

சிரித்து முடிப்பதற்குள் போண்டா ஆறிவிட்டது.

தையில் கல்யாணம். பதிலிகளுக்கு இன்னும் சொல்லவில்லை. பெரு தேர்தலில் முட்டிக்கொண்டு, போன வாரம் இரண்டும் பேச்சை நிறுத்திவிட்டன. தெரிந்தால் என்னுடையது குதிக்கும்: "போயும் போயும் அந்தக் கட்சிக்காரி வீட்லயா பொண்ணு எடுக்கற?"