அஞ்சு கிலோ சமத்து

அருண்பிரசாத்துக்குக் கடைசி செமஸ்டர். அப்பாவாகி மூன்று மாதம். தான் வடிவமைத்த மூங்கில் தொட்டிலில் குழந்தை பத்து நிமிடம் தூங்குவதை, மெயின்லேண்ட் கல்லூரிப் பேராசிரியருக்கு வீடியோ காலில் காட்டினால்தான் பாஸ்.

போர்ட் பிளேரில் அன்று நெட்வொர்க் கூட ஒத்துழைத்தது.

"மெதுவா பேசுங்க சார். இப்பதான் கண் அசந்தான்."

திரையில் பூப்போட்ட போர்வை மட்டும் தெரிந்தது.

"எடை எவ்வளவு?"

"அஞ்சு கிலோ சார்."

"முகத்தைக் காட்டலியே?"

"கண்ணு பட்டுடும்னு வீட்ல சொல்றாங்க சார்."

அடுக்களையிலிருந்து மனைவி ரூபா எட்டிப் பார்த்தாள். "இன்னும் எவ்வளவு நேரங்க? புளி கரைச்சு வச்சுட்டேன்."

"தோ, முடிஞ்சுது."

தொட்டிலை அவன் ஆட்ட ஆட்ட, போர்வை மெல்ல ஒரு பக்கமாக நழுவியது. அவன் கவனிக்கவில்லை.

"பத்து நிமிஷமா ஒரு சிணுங்கல் இல்ல. சமத்துப் பிள்ளை," என்றார் பேராசிரியர்.

அப்போது உள்ளறையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"பக்கத்து வீட்டுக் குழந்தை சார்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"தொட்டில் நல்லா இருக்கு, பாஸ் போட்டுட்டேன். என் பையனும் நான் செஞ்ச தொட்டில்ல ஒருநாளும் படுத்ததில்ல. போய் உன் பிள்ளைக்குச் சேலைத் தூளியை ஆட்டு. அதுக்கு முன்னாடி இவனோட வாலை மூடிட்டுப் போ. பூனை வந்துடப் போகுது."