ஒரு நாள் வேலை

"என்னங்க... மூணாவது கண்ணாடியும் போச்சு!"

பின்னறையிலிருந்து மனைவி கத்தியதும், டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார் லேப்காரர்.

பள்ளிக்கூட லேபில் இருபத்தெட்டு வருஷம் உதவியாளர். தெருவில் எல்லாருக்கும் அவர் லேப்காரர்தான். பக்கத்து வீட்டுக்காரர் எல்லையை ஒட்டிப் புது அறை கட்டக் குழி தோண்டிய அன்றே இவர் பின்னறைச் சுவரில் மயிரிழையாய் ஒரு விரிசல். மைக்ராஸ்கோப்பில் வைக்கிற கண்ணாடித் துண்டுகளை விரிசலுக்குக் குறுக்கே ஒட்டித் தேதி எழுதி வைத்தார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். யாரும் மறுக்க முடியாத சாட்சி.

மூன்றும் உடைந்துவிட்டன. விரிசலில் இப்போது விரல் நுழைந்தது.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய இரண்டே அறைகளில் இந்தப் பின்னறையும் ஒன்று. மனைவியின் தையல் மெஷின் அந்தச் சுவரோரம்தான். இந்த வீடு போனால் அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

பின்வாசலில் நின்று கத்தினார்.

"யோவ் மேஸ்திரி! நிறுத்துய்யா!"

"சார், கோவப்படாதீங்க. உங்க சுவருக்கு..."

"என் சுவரைப் பத்தி நீ பேசாதே. பேச வேண்டிய இடத்துல நான் பேசிக்கறேன்."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். சட்டையெல்லாம் மண்.

"அண்ணே, ஒரு நிமிஷம் குழிகிட்ட வந்து பாருங்களேன். பார்த்தா உங்களுக்கே..."

"குழியை வேற பார்க்கணுமா? ஏன், என்னையும் அதுல தள்ளி மூடிடலாம்னா?"

கூலியாட்கள் சிரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

உள்ளே வந்ததும் மனைவி கேட்டாள். "அவர் ஏதோ சொல்ல வர்றாரே, என்னன்னு கேட்டாத்தான் என்ன?"

"கேட்டா போச்சு! பேசிப் பேசியே தலையாட்ட வெச்சுடுவான். நாளைக்கு, 'நீங்களும் சரின்னுதானே சொன்னீங்க'ம்பான். உனக்கு ஊர் உலகம் தெரியாது, சும்மா இரு."

உடைந்த கண்ணாடிகளை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போய் நகராட்சி ஆபீசில் அதிகாரியின் மேஜைமேல் கொட்டினார். தேதிகளைப் பார்த்து அதிகாரி அசந்துபோனார்.

"இவ்வளவு பக்காவா யாரும் புகார் குடுத்ததில்லை சார்."

மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டு கேட்டில் தடை உத்தரவு ஒட்டப்பட்டது. விசாரணை முடியும்வரை ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது.

கூலியாட்கள் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். லேப்காரர் நாலாவது கண்ணாடியை ஒட்டினார். ரொம்ப நாள் கழித்து அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, ஒரே ஒரு நாள் வேலை. நாளைக்கு மட்டும். நீங்க ஆபீசுல ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க. அப்புறம் வருஷக்கணக்கா வேணாலும் வேலையை நிறுத்திக்கறேன். ஏன்னா அந்த..."

"ஒரு நாளா? ஒரு மணி நேரம்கூடக் கிடையாது!"

கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். அந்த மனுஷன் தனியாளாக மண் மூட்டைகளைத் தூக்கிக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

"நடிப்பைப் பாரு" என்றார் மனைவியிடம்.

அடுத்த இரண்டு நாளும் விடாமல் மழை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பின்னறைச் சுவர் விழுந்தது. நல்லவேளை, மனைவி சமையலறையில் இருந்தாள். தையல் மெஷின், அடுத்தவர்கள் தைக்கக் கொடுத்திருந்த துணி, எல்லாம் குழிக்குள். பின்னறை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. மனைவிக்கு அழுகைகூட வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பாவி! என் வீட்டை முழுங்கிட்டியேடா!" லேப்காரர் மண்ணை வாரி வீசினார்.

பக்கத்து வீட்டுக்காரர் குழிக்குள் இறங்கித் தையல் மெஷினை இழுத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி வந்தார். மீதிச் சுவர்களைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இனி இந்த வீட்டுல இருக்க முடியாது சார். இன்னிக்கே காலி பண்ணிடுங்க."

லேப்காரருக்குக் காலுக்குக் கீழே பூமி இல்லாத மாதிரி இருந்தது.

அதிகாரி குழியை எட்டிப் பார்த்தார். கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"என்னய்யா இது? இடிஞ்ச சுவருக்கு அடியில வரிசையா கம்பி கட்டியிருக்கீங்க. இது உங்க பிளான்லயே இல்லையே?"

"அப்படிக் கேளுங்க சார்!" லேப்காரர் பாய்ந்தார். "என் இடத்தையும் சேர்த்து வளைக்கப் பார்த்திருக்கான்!"

மேஸ்திரி தலையைத் தூக்காமல் சொன்னார்.

"அது எங்க கட்டடத்துக்கு இல்லீங்க. தோண்டினப்பதான் பார்த்தோம், இவர் சுவருக்கு முழங்கால் ஆழம்கூட அஸ்திவாரம் இல்லை. 'முதல்ல அண்ணன் சுவருக்கு அடியில கான்கிரீட் போட்டுத் தாங்கிடு, நம்ம அறை அப்புறம்'னு எங்க முதலாளி சொல்லிட்டாரு. கான்கிரீட் வண்டி வாசல்ல வந்து நின்னப்பத்தான் சார், நீங்க நோட்டீஸ் ஒட்டினீங்க."