கடைசி பெஞ்சுக் குறட்டை

"உன் பழைய லாரியை ஸ்டார்ட் பண்ணிட்டாரு யாதிரா!" என்றான் வில்ஃப்ரிதோ.

வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சில் எலியேசர் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

யாதிராவுக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

லா ஹாகுவா நிலக்கரிச் சுரங்கத்தில் ஒன்பது வருஷம் லாரி ஓட்டியவள். சுரங்கத்தை மூடினார்கள், வேலை போச்சு. பாதி ஊர் மூட்டை கட்டிவிட்டது. இந்த சோலார் பயிற்சி மட்டும் வராமல் இருந்தால், இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பட்டணத்தில் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். சான்றிதழ் வாங்கிவிட்டால், ஊர்க் கூரைகளில் பேனல் பொருத்தும் வேலை நிச்சயம். தினமும் மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குள் காலெடுத்து வைப்பாள்.

அப்பேர்ப்பட்ட இடத்தில் வந்து ஒரு மனுஷன் தூங்குவதா?

இடைவேளையில் ஒரு கடிதம் எழுதி, மற்ற பத்துப் பேரிடமும் கையெழுத்து வாங்கினாள். நேரே மரிட்சா டீச்சரிடம் போய் நீட்டினாள்.

"என்னம்மா இது?"

"எலியேசரை நிறுத்திடுங்க டீச்சர். ஒரு மாசமா பாக்கறோம். நோட்டைத் திறக்கலை, ஒரு ஸ்குரூ முடுக்கலை. காப்பி வித்துட்டிருக்கற மனுஷனுக்கு இது பொழுதுபோக்கு. எங்களுக்குப் பொழைப்பு!"

டீச்சர் கடிதத்தை நிதானமாகப் படித்தார்.

"சரி, எடுத்துடலாம். அவர் போனா மொத்தம் எத்தனை பேரு?"

"பதினொண்ணு."

"பன்னெண்டுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் வகுப்பை மூடிட்டு வரச் சொல்லி எனக்கு உத்தரவு."

யாதிரா கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"முதல் நாளும் நீங்க பதினொரு பேர்தான். பத்து மணி வரைக்கும் பாத்தேன். சரி, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு காப்பி குடிப்போம்னு வாசலுக்குப் போனேன். எலியேசர் நின்னுட்டிருந்தாரு. பேச்சுவாக்குல விஷயத்தைச் சொன்னேன். ஃபிளாஸ்க்கைக் கீழ வெச்சுட்டு, 'எங்க கையெழுத்து போடணும்?'னாரு."

"அப்போ இந்தத் தூக்கம்?"

"பகல் வியாபாரம் போச்சுல்ல? அதுக்காக ரெண்டு மணிக்கே எழுந்து காப்பி போட்டு, பஸ் ஸ்டாண்டுல வித்துட்டு வர்றாரு. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. பாவி, என்னைச் சொல்ல வெச்சுட்டே."

யாதிரா கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தாள். கண் கலங்கிவிட்டது.

"என் பிள்ளைங்க இந்த ஊர்ல இருக்கறதே அவராலதானா? அந்தக் கையைப் பிடிச்சு முத்தம் கொடுக்கணும் டீச்சர்! இனிமே பாடமெல்லாம் நான் சொல்லித் தர்றேன். அவரும் பாஸாகணும். எங்களோட அவருக்கும் அந்த வேலை கிடைக்கணும்."

டீச்சர் தலையை ஆட்டினார்.

"கிடைக்காதும்மா. அவரும் சுரங்கத்துல இருந்தவர்தான், இருபது வருஷக் கரித்தூசி நெஞ்சுல அடைச்சுக் கிடக்கு. ஏணிப் பக்கமே போகாதேன்னு டாக்டர் சொல்லிட்டாராம். 'அப்புறம் எதுக்குய்யா சேர்றீங்க?'ன்னு அன்னிக்கே கேட்டேன். சிரிச்சாரு. 'என்னால ஏற முடியாதுதான் டீச்சர். ஆனா அவங்க ஏறணும்னா நான் உக்காந்தாப் போதும்ங்கறீங்க, அது என்னால முடியும்ல?'ன்னாரு."