இடது பின்சக்கரம்

நிற்கும்போது ஒழுகவில்லை.

வேன் இரண்டு நாள் மெக்கானிக் ஷெட்டில் நின்றது. இடது பின்சக்கரத்துக்குக் கீழே அவன் விரித்து வைத்த செய்தித்தாளில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. மில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு நடை போய் வந்தால் மட்டும், சக்கர டிரம்முக்குள் பிரேக் ஷூ எண்ணெயில் ஊறிக் கிடக்கும்.

எண்ணெய் பட்ட ஷூ பிடிக்காது. வழுக்கும். போன வாரம் ரயில்வே கேட்டில் முன்னால் நின்ற டிராக்டரை இடிக்க ஒரு முழம் இருக்கையில் வேன் நின்றது. உள்ளே பதினான்கு பெண்கள்.

மாற்றிய சீல் மூன்று. மூன்றையும் வைத்தவர் அண்ணன்.

சீல் என்பது ரப்பர் உதடு வைத்த ஓர் இரும்பு வளையம். பின் அச்சுக்குள் இருக்கும் எண்ணெயை அச்சோடு நிறுத்தி, பிரேக் பக்கம் வரவிடாமல் தடுப்பது அதன் வேலை. தட்டி இறக்கும்போது ஒரு நூல் சாய்ந்தாலும் போயிற்று.

சித்திரையிலிருந்து அண்ணனுக்குக் கை நடுங்குகிறது.

யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வேன் டிரைவர் பவுன்ராஜ்தான் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. அடுத்த தடவ தம்பி வைக்கட்டும். உங்க கை இப்ப உடுக்கை அடிக்குது."

காத்திருந்த ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

"சரக்கு மட்டம்யா. வேற கடையில வாங்கிப் பாப்பம்."

சொல்லிவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். இந்த ஷெட்டுக்கு வருகிற எவரும் வாசலிலேயே தலையை நீட்டி முதலில் கேட்பது, அண்ணாச்சி இல்லையா என்று. இல்லை என்று அவன் சொன்னால், அப்புறம் வருகிறேன் என்று போய்விடுவார்கள். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது.

மறுநாள் வேன் மில்லிலிருந்து வந்து நின்ற சூட்டோடு அவன் அடியில் புகுந்தான். அச்சின் நடுவே உருண்டையாகப் புடைத்திருக்கும் கூடு கை வைக்க முடியாமல் கொதித்தது. எண்ணெய் அளவு பார்க்கலாம் என்று அதன் பக்கவாட்டு மூடியைத் தளர்த்தினான்.

புஸ்ஸென்று காற்று சீறியது.

சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கியதுபோல் நெடுநேரம் சீறி அடங்கியது.

எல்லாம் அந்தச் சத்தத்தில் இருந்தது.

ஓடினால் அச்சு சூடாகும். சூடானால் உள்ளே இருக்கும் காற்று விரியும். விரிகிற காற்று வெளியேற, அச்சின் மேல்பக்கம் ஒரு சின்ன மூச்சுத் துளை வைத்திருப்பார்கள். அது அடைத்தால் காற்று வேறு வழி தேடும். எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வந்து சீலின் உதட்டைத் தூக்கும். எவ்வளவு நேராக வைத்த சீலாக இருந்தாலும் தூக்கும். சாலை ஓரமாகச் சரிந்திருப்பதால் எண்ணெய் இடப்பக்கம் ஒதுங்கும். ஆகவே இடது சக்கரம். வண்டி நின்று ஆறினால் காற்று சுருங்கிவிடும். ஆகவே செய்தித்தாளில் பொட்டு இல்லை.

ஒவ்வொன்றாகப் பொருந்தப் பொருந்த அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. அண்ணனைக் கூப்பிட வாயைத் திறந்தான். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார்.

கையை மேலே விட்டுத் துழாவினான். துளை இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு மேடு.

கறுப்புப் பெயிண்டு.

எஃப்.சி. சோதனைக்குப் போகும் வண்டியை அடிப்பக்கம் முழுக்கக் கறுப்படித்து அனுப்புவது இந்தப் பக்கத்து ஷெட்டுகளில் பழக்கம். குனிந்து பார்க்கிறவர் கண்ணுக்கு வண்டி புதிதாகத் தெரியும். வைகாசியில் இந்த வேனுக்கு அடித்தது அவன். கண்ணில் பட்டதன் மேலெல்லாம் பிரஷை இழுத்திருந்தான்.

கொஞ்ச நேரம் மல்லாந்தே கிடந்தான்.

வாசலில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது.

ஒரு கம்பியை எடுத்துத் துளையில் குத்தினான். பெயிண்டு பொருக்குப் பொருக்காக முகத்தில் உதிர்ந்தது. கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"இந்தத் தடவ நான் வைக்கேண்ணே."

டிரம்மைக் கழற்றி, அச்சுத் தண்டை உருவினான். ஆட்கள் கூடிவிட்டார்கள். உள்ளே அண்ணன் வைத்த சீல் இருந்தது. வட்டம் முழுக்க ஒரே ஆழம். ஒரு நூல் சாய்வில்லை.

முதுகால் மறைத்துக்கொண்டு ஸ்குரூடிரைவரைக் கொடுத்து ஒரு பக்கமாக நெம்பினான். சீல் கோணிக்கொண்டு வந்தது.

கோணல் தெரியும்படி பெஞ்சின் மேல் வைத்தான்.

அண்ணன் அதை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெஞ்சிலேயே வைத்துவிட்டார்.

புதுச் சீலும் புது ஷூவும் போட்டு, அடுத்த நாள் வேன் மில்லுக்குப் போய் வந்தது. டிரம்மைக் கழற்றினார்கள். உலர்ந்த தூசிதான் இருந்தது.

"கை மாறுனதும் கேட்டுருச்சு பாத்தீங்களா," என்றார் பவுன்ராஜ்.

அண்ணன் குனிந்து, விரலை உள்ளே விட்டுத் தடவி, விரலைப் பார்த்தார். எண்ணெய் இல்லை. சீல் இறக்கும் சுத்தியலை அவனிடம் நீட்டினார். வாங்கும்வரை அது ஆடிக்கொண்டிருந்தது.

"இனிமே சக்கரத்துப் பக்கம் நான் வரல. நீயே பாத்துக்க."

இரண்டடி போனவர் திரும்பினார்.

"எப்படிடா வெச்ச?"

"நேரா வெச்சேண்ணே."

சீலை மாற்றவே வேண்டியிருக்கவில்லை. துளையில் இருந்த பெயிண்டைக் குத்தி எடுத்தால் போதும். அண்ணன் வைத்ததே நின்றிருக்கும்.