இடதா, வலதா

குடும்பத்தின் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்குக் கம்போடியாவைத் தேர்ந்தெடுத்தவள் பூங்கோதைதான். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கோயில்களைப் பற்றித் தேடித்தேடிப் படித்தாள். நாற்காலி ஏறக்கூடிய விடுதியையும் அவளே கண்டுபிடித்தாள். டிக்கெட் எடுத்த பிறகு அண்ணன் நாவரசன் வந்து உட்கார்ந்தான்.

"நாலு பேருக்குத்தான் போட்டிருக்கேன் கோதை. ஒன்னத் தூக்கிட்டு அலைஞ்சா நாங்க எதையும் பாக்க முடியாதும்மா."

"நாயையும் யாராச்சும் பாத்துக்கணும்ல" என்றாள் அண்ணி.

"சரிண்ணே" என்றாள் பூங்கோதை. பிள்ளைகளின் காய்ச்சல் மாத்திரைகளை அவளே எடுத்து வைத்தாள்.

அவர்கள் போன இரண்டாம் நாள் நாவரசன் வீடியோவில் அழைத்தான். கொட்டும் மழை. பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள்.

"வழி தவறிட்டோம் கோதை. இங்க ஒரு ஆளையும் காணோம். இந்த வாசல்லருந்து இடதா, வலதா? நீதான் எல்லாம் படிச்சு வச்சிருக்கியே!"

அவன் தலைக்குப் பின்னால், இடிந்த கோயில் மதிலைப் பெரிய மரத்தின் வேர்கள் கவ்வியிருந்தன. அந்த வாசல் அவளுக்குத் தெரிந்ததுதான்.

"போனை மேல தூக்கிக் காட்டுங்கண்ணே."

காட்டினான்.

"இன்னும் கொஞ்சம்."

"பிள்ளைங்க நடுங்குதுங்க, சீக்கிரம் சொல்லு!"

நனைந்த கல்லை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"உள்ள போங்கண்ணே" என்றாள். "உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்."