இடது சீட்

பதினெட்டாயிரம் அடியில் அந்தக் குட்டி விமானத்துக்கு மூச்சு வாங்கவில்லை. மெலிந்த காற்றையும் டர்போ அள்ளி அள்ளி இன்ஜினுக்குள் திணித்துக்கொண்டிருந்தது. மனிதர்களுக்குத்தான் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். இடது சீட்டில் கேப்டன் பெலிக்ஸ், வலது சீட்டில் இளங்கீரன். ஒரே பேட்ச். நான்கு வருடத்துக்கு முன்னால் கேப்டன் தேர்வில் இருவரும் ஒரே நாளில் விமானத்தை இறக்கிக் காட்டினார்கள். இடது சீட், கேப்டன் சீட், பெலிக்ஸுக்குப் போனது. அன்றிலிருந்து அந்தச் சீட்டில் ஒட்டியிருக்கும் அவன் பவுடர் வாசனைகூட இளங்கீரனுக்கு வயிற்றெரிச்சல். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவன் விரலில் மாட்டிய, ரத்தத்தில் ஆக்ஸிஜனை அளக்கும் க்ளிப்பை மற்றவன் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும்; தொண்ணூறுக்குக் கீழே போனால் ஆபத்து. தன் எண்ணைத் தானே படிக்கக் கூடாது. ஆக்ஸிஜன் குறைந்தவனுக்கு எந்த எண்ணும் நல்ல எண்ணாகத்தான் தெரியும். பெலிக்ஸ் விரலை நீட்டினான். அவன் குழாய் மூக்கிலிருந்து நழுவித் தாடையில் கிடந்தது. நகங்கள் நாவல்பழ நிறம். முகமெல்லாம் சிரிப்பு. "மச்சான், உண்மையைச் சொல்லட்டுமா? அன்னைக்கு என்னைவிட நீதான்டா நல்லா இறக்குனே. இந்த சீட் உன்னோடது." இளங்கீரனுக்குக் காதெல்லாம் சூடேறியது. க்ளிப்பில் எழுபத்தொன்று என்றிருந்தது. "தொண்ணூத்தாறு" என்றான். பிறகு குனிந்து, கெஞ்சுவதுபோல, "இப்ப சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லுடா" என்றான். பெலிக்ஸ் அவனைப் பாசமாகப் பார்த்தான்.

"என்னடா சொன்னேன்?"